மாவிலைத் தண்ணீர்

மாவிலையைச் சொம்பில் முக்கி மூன்றாம் முறை உதறியபோது லேப்டாப்பின் திரை ஒரு வெட்டு வெட்டி அணைந்தது. பூதத்தானுக்கு அது கண் சிமிட்டியது போலத்தான் தெரிந்தது. சாமி ஏற்றுக்கொண்டதாக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தாராவியில் பை தைக்கிற பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவன். ஆயுத பூஜை வந்தால் அங்கே மிஷினுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைப்பது அவன்தான். அதை முடித்துவிட்டு வந்து, தன் கத்தரியை வீட்டில் படத்துக்கு முன்னால் வைத்தபோது, மகளுடைய லேப்டாப் மட்டும் பரண்மேல் கிடந்தது மனசுக்கு ஒப்பவில்லை. பானுமதி பிழைக்கப்போகிற ஆயுதம் அல்லவா அது? அவள் பொதுக் குளியலறையில் குளிக்க வரிசையில் நின்றிருந்தாள். முகத்தை மூடிக்கொண்டிருக்கிறவளுக்குப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிடக் கூடாதென்று மூடியைத் திறந்தே வைத்தான். வயசான பிறகு எழுத்துக் கூட்டப் படித்தவனுக்கு, அந்தச் சாவிக் கட்டைகளில் இருந்த இங்கிலீஷில் ஓர் எழுத்துதான் தெரியும். மகள் பேரின் முதல் எழுத்து. தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தான்.

ஈரத் தலையோடு வந்த பானுமதி, சாவிக் கட்டைகளுக்கு நடுவே தேங்கி நின்ற மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

"யப்பா, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள புராஜெக்ட் ஏத்தணும்ப்பா. அது இதுக்குள்ளதான் இருக்கு."

சைபர் செக்யூரிட்டியில் எம்.எஸ்சி. கடைசி வருடம். ஏற்கெனவே மஞ்சள் காமாலையில் படுத்து ஒரு வருடம் போயிற்று. இன்னொன்று போனால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். என்ன படிப்பு என்று பட்டறையில் கேட்டால் பூதத்தான், "திருடனுக்கு வலை விரிக்கிற படிப்பு" என்பான். அவள் சொல்லிக் கொடுத்தது அது. பூட்டாத வீடு மாதிரி ஒன்றைக் காட்டி, உள்ளே வருகிறவன் என்ன செய்கிறான் என்று ஒளிந்து பார்ப்பதாம். அப்படிப் பிடித்து வைத்த கள்ள நிரலெல்லாம் வெளியே பரவிவிடக் கூடாதென்று, வேறெங்கும் நகல் வைக்காமல் இதிலேயே பூட்டி வைத்திருந்தாள்.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த செல்வத்தின் ரிப்பேர் கடைக்கு இரண்டு பேரும் ஓடினார்கள். மற்ற கடைக்காரர்கள் போனுக்குக் கண்ணாடி மாற்றுவார்கள். போர்டைத் திறக்கிற கை செல்வத்துக்குத்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மேசைமேல் வாழையிலை, பொரி, வரிசையாகக் குங்குமம் வைத்த, ஸ்க்ரூ கழற்றுகிற திருப்புளிகள்.

"அண்ணாச்சி, பூசைல வச்ச சாமான எடுக்கச் சொல்லுதீங்களா? நல்லாருக்கே! நாளைக்கு மறுபூசை பண்ணிட்டுத் தொடுதேன்," என்றான் செல்வம்.

"நாளைக்குன்னா போர்ட தண்ணி அரிச்சிரும்ண்ணே," என்றாள் பானுமதி.

"சரி, டிஸ்க்க மட்டும் நாளைக்குக் கழத்தி வேற பெட்டில போட்டுத் தாரேன்."

"இன்னைக்கு ஆறு மணிக்குள்ள வேணும்ண்ணே. டிஸ்க்கயும் பூட்டிருக்கேன். இந்த போர்டு உசுரோட இருந்தாத்தான் திறக்கும். அவசரத்துக்குன்னு தந்த சாவி நம்பரயும் இதுக்குள்ளயே போட்டு வச்சிட்டேன்."

செல்வம் அவளை மேலும் கீழும் பார்த்தான். "சாவிய வீட்டுக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டு வந்திருக்க. இதுக்கா இத்தன படிப்பு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஷட்டர்ப் பக்கம் திரும்பினாள். குனிந்த அவள் முதுகைப் பூதத்தான் பார்த்தான். வரிசையில் நின்று குளித்துவிட்டு வந்தவளின் தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையில் பூஜை நாளன்று யாராவது ஓர் ஊசியை எடுத்தால்கூட முதலில் குதிக்கிறவன் பூதத்தான். ஒரு தடவை கூட வேலை செய்கிற ஷகீல் விளையாட்டாகக் கத்தரியைத் தொட்டதற்கு ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவன். கை வைத்தால் அந்த வருடம் முழுக்கத் தொழில் படுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி அவனே வளர்த்த பயம் அது.

செருப்பைக் கழற்றினான். வாழையிலைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டான். நடுவிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்தான். பொரி நாலு உருண்டு தரையில் விழுந்தது.

"அண்ணாச்சி!"

"எடுத்தது நாந்தான். வர்ற பாவம் என் கைக்கு வரட்டும். நீ திறந்து மட்டும் குடுல, செல்வம்."

"படிக்கிற பிள்ள வயித்தெரிச்சல வேற கட்டிக்கிட முடியாது," என்று முனகிக்கொண்டே செல்வம் திருப்புளியை வாங்கி வேட்டியில் குங்குமத்தைத் துடைத்தான்.

அடித்தட்டு கழன்றதும் பச்சைப் போர்டின் மேல் மஞ்சளாக ஒரு கோடு ஓடியிருந்தது. செல்வம் உச்சுக்கொட்டினான். பஞ்சால் ஒற்றினான். சூடான காற்று அடிக்கிற துப்பாக்கியைப் பிளக்கில் சொருகினான். சூடு ஏற ஏற, கடை முழுக்கச் சந்தன வாசனை எழுந்தது. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி.

பானுமதி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூதத்தானால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவன் கண் வாழையிலையிலேயே இருந்தது. திருப்புளிகளின் வரிசையில் ஒன்று குறைந்த இடத்தில், சிந்திய குங்குமத்துக்கு நடுவே ஒரு திருப்புளி நீளத்துக்கு இலை பச்சையாகத் தெரிந்தது.