உறை உரித்த பார்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் மான்சன் என்கிற சின்ன ஊர். மலைப்பாதையில் நடப்பவர்கள் தங்கும் விடுதியில், அவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் பார்சல்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு மத்தியானம், ஐம்பது தாண்டிய ஒரு பெண் தன் பெட்டியைப் பிரித்தாள், உள்ளே பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அந்த அசதி தொற்றிக்கொண்டது. அதோடுதான் எழுதுகிறேன். நடையில் துள்ளல் இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் இட்டுக்கட்டியது, பெயர்கள் உட்பட.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

'செப்டம்பர் வெயிலில் பிர்ச் மரங்கள் பொன்னாய்—' வேண்டாம். தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வசந்தத்தில் கிளம்பி இவ்வளவு தூரம் நடந்து வந்தவளுக்கு மரம் என்றால் மரம்தான்.

'ராஸ்லினுக்குக் கோதுமை ஆகாது.' மருத்துவர் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் கதை நகராது. கோதுமை, பார்லி வகையறா ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அவள் குடல் பழிவாங்கிவிடும்; நாட்கணக்கில் சுருண்டு கிடப்பாள். ஊரில் என்றால் கட்டிலில் கிடக்கலாம். மான்சனுக்கு அப்பால் நூறு மைல் காடு. கடை கிடையாது, தொலைபேசிக்கு உயிர் இருக்காது. அந்தக் காட்டின் முடிவில்தான் கட்டாடின் மலை, அதன் உச்சியில்தான் அவள் நடை முடிகிறது. இப்போது படுத்துவிட்டால் ஜார்ஜியாவிலிருந்து நடந்ததெல்லாம் முடியாமலே போய்விடும்.

ஆகவே தின்பண்டத்தின் உறையை எழுத்தெண்ணிப் படித்த பிறகே வாயில் போடுவாள். பாதையில் எல்லோருக்கும் யாராவது ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அவளுக்கு வைத்தது 'லேபிள்'.

3

அவள் கணவன் ஹாலிஸ். ஒஹையோவில் வீட்டில் இருக்கிறான். முதல் வரைவில் இவனை ஒரு அலட்சியக்காரனாக எழுதியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது, ஆனால் பொய்.

உண்மையில் அவன் வசந்தத்திலிருந்து சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஆப்பிள் துண்டுகளையும் மாட்டிறைச்சிக் கீற்றுகளையும் இயந்திரத்தில் உலர்த்தினான். பேரீச்சம்பழத்தையும் பூசணி விதையையும் இடித்து உருண்டை பிடித்தான். ஊர் ஊராக, அவள் போய்ச் சேரும் முன்பே பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும். வெர்மான்ட்டிலிருந்து அவள் போன் செய்தபோது, "இன்னொரு பேரீச்ச உருண்டையைப் பார்த்தேன்னா வாந்தி எடுத்துருவேன், ஹாலிஸ்" என்றாள். களைப்பில் சொன்னதுதான். அவனுக்குச் சுருக்கென்றது.*

* அவனுக்கும் கை ஓய்ந்திருக்குமே என்று யாரும் கேட்கவில்லை. நானும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

4

பெட்டிக்குள் ஜிப் பைகள். பைகளுக்குள் வரிசையாக எனர்ஜி பார்கள், கடையில் வாங்கியவை. ஒன்றின் மேலும் உறை இல்லை.

நெடுந்தூரம் நடப்பவர்களின் வேதம் அது. அட்டை, காகிதம், உறை எல்லாவற்றையும் உரித்தெறி, பண்டத்தை மட்டும் கட்டு. பாரம் குறையட்டும் என்று பல்துலக்கும் பிரஷின் காம்பையே பாதியாக வெட்டுகிறவர்கள் இவர்கள். அதை ஹாலிஸுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தவளே ராஸ்லின்தான்.

"பொட்டி வந்துச்சா?" என்றான் போனில், ஆசையாக.

"வந்துச்சு. உறையெல்லாம் எங்க?"

"உரிச்சுட்டேன். காயிதத்தைச் சுமக்கவா இவ்வளவு தூரம் நடக்கிறேன்னு நீதானே கத்துவ?"

"நீ வீட்ல செஞ்சதுன்னா சரி. கடையில வாங்குனதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சுப் பார்த்துத்தான் வாங்குனேன். உனக்கு வாய்க்கு ருசியா ஏதாவது இருக்கட்டுமேன்னுதான்…"

"வர்ஜீனியாவுக்கும் படிச்சுத்தான் அனுப்புன."

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். அவள் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லியிருப்பாள். வர்ஜீனியாவுக்கு அவன் அனுப்பிய அரிசிப்பொரியில் மால்ட் இருந்தது, முளைகட்டிய பார்லியில் எடுப்பது. அவன் கண்ணில் படவில்லை. ஒரு கொட்டகையில் அவள் சுருண்டு கிடந்தாள். சூடு கண்ட பூனை.)

"குப்பையில தேடிப் பாரேன்" என்றாள், கொஞ்சம் இறங்கி.

"குப்பை வண்டி காலையிலயே போயிருச்சு. இரு, கடைக்குப் போய்ப் பார்த்துட்டுக் கூப்பிடறேன்."

5

கூப்பிட்டான். பின்னால் தள்ளுவண்டிகளின் சத்தம்.

"இங்க ரெண்டு தினுசு இருக்கு ராஸ். ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒண்ணுல மால்ட் இல்ல."

"இன்னொண்ணுல?"

"இருக்கு. கடைசி வரியில, பொடி எழுத்துல."

"நீ எதை வாங்குன?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை.

"இல்லாததைத்தான்" என்றான்.

"சரி" என்றாள் ராஸ்லின்.

இங்கேதான் என் பேனா நின்றுவிட்டது. அந்த மௌனத்தில் அவன் யோசித்தானா, பயந்தானா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தானா? அவனைப் படைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது என்று சில சமயம் நினைக்கிறேன்.

6

அவளோடு நடப்பவள் 'கரண்டி'. கரண்டியைத் தொலைத்துவிட்டுக் கூடார முளைக்குச்சியால் சோறு தின்றவள், அதனால் அந்தப் பெயர்.

"ஏய் லேபிளு, பேசாம அதைப் பொதுப்பெட்டியில கொட்டிட்டு வா" என்றாள். விடுதி மூலையில் ஒரு பெட்டி உண்டு. வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். "எதிர்க்கடையில கடலை வெண்ணெய் டப்பாவும் டூனாவும் இருக்கு. காடு தாண்டப் போதும்."

"கடலை வெண்ணெயைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டுது."

"குமட்டினா சாக மாட்ட."

"அதைக் கொட்டிட்டா, அவர் பேச்சை நம்பலைன்னு ஆயிரும்டி."

"நம்புறியா?"

"எனக்கு அசதியா இருக்கு. ஒரு தடவையாச்சும், எவன் கொடுத்தாலும் கேள்வி கேக்காம வாயில போட்டுக்கணும் போல இருக்கு."

 

7

முடிவுகள்.

முதலாவது: காட்டில் பாரைத் தின்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, மலை ஏறுகிறாள். நல்ல முடிவு. ஆனால் இதற்கு நான் எதற்கு? ஹாலிஸின் அதிர்ஷ்டமே போதும்.

இரண்டாவது: தின்கிறாள், பாதி வழியில் விழுகிறாள், கரண்டி உதவிக்கு ஓட— வேண்டாம். ஒருவனுடைய அன்பை விஷமாக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் செய்தது வேறு. கடலை வெண்ணெயும் டூனாவும் வாங்கினாள். பார்களையும் எடுத்து வைத்துக்கொண்டாள். தின்னாத பண்டத்தை முதுகில் சுமப்பது இந்தப் பாதையில் பைத்தியக்காரத்தனம். கரண்டி தலையில் அடித்துக்கொண்டாள். ராஸ்லின் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள், பாரம் இழுக்க ஒரு கணம் தள்ளாடினாள், நடந்தாள்.

நூறு மைலும் அப்படியே. ஆற்றைக் கடக்கும்போது அந்தப் பார்களை நனையாமல் மேல்பையில் கட்டினாள். பசித்தபோது ஒரு பாரை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள், மறுபடி வைத்தாள். சேறு முழங்காலைப் பிடித்து இழுத்த ஒரு இடத்தில் எல்லாவற்றையும் தூக்கி எறிய நினைத்தாள், எறியவில்லை. கடலை வெண்ணெய் டப்பாவை விரல்விட்டு வழித்து முடித்த காலையில், கட்டாடின் எதிரே நின்றது. பைக்குள் பார்கள் மட்டும்தான் மிச்சம். ஏற வேண்டியது நீண்ட ஏற்றம். வயிறு காலி.

8

இதற்கு மேல் நான் வரவில்லை. எனக்குக் களைத்துவிட்டது. தின்றாளா, பட்டினியோடு ஏறினாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அவளை உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஆனால் உங்கள் வேலை அதோடு முடியாது. ஒஹையோவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து மலையடிவாரத்தில் ஹாலிஸ் நிற்கிறான். அவள் இறங்கி வருவாள். கட்டிக்கொள்வான். பிறகு, மெதுவாக, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்பான்.

"பார் நல்லா இருந்துச்சா?"

அவளுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுங்கள்.