ஜெயமேரியின் மில்யூ

வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் போட்டதிலிருந்து நியாலாஸ் பக்கத்து அந்த எஸ்டேட்டுக்கு முள்கம்பி வேலியும் ஒரே ஒரு கேட்டும்தான். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வாளி முதல் கொண்டை வரை சோதனைக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியே காலெடுத்து வைக்க முடியும். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று பிடித்துவிடுவார்கள்.

அன்று காலை வரிசையில் ஜெயமேரியும் நின்றாள், வெளுத்த சேலையோடு. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பத்து மணிக்குப் பாச்சாங் பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. தவறினால் டீச்சர் வேலை வேறு ஆளுக்கு.

"இதென்ன கடுதாசி?" என்றார் முனியாண்டி. கேட்டுக்கு வந்து நான்கே நாளான போலீஸ்காரர்.

"மாதாகோயில் பங்குச்சாமி குடுத்த சிபாரிசுண்ணே."

எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "இந்த ஒரு சொல்லு மட்டும் இங்கிலீஷ் இல்லியே?"

"மில்யூ. பிரெஞ்சு. சாமி பிரெஞ்சுக்காரருல்ல?"

"புரியாதது இருந்தா ஸ்டேஷனுக்கு அனுப்பணும். ஆர்டர்லா. மத்தியானம் திரும்பி வந்துரும்."

"மத்தியானமா! அர்த்தத்த நான் சொல்றேண்ணே. 'மி'ன்னா நடு. 'லியூ'ன்னா எடம். மொதல்ல நடு எடத்துக்குத்தான் அந்தச் சொல்லாம். போகப்போக, ஒரு ஆளு வளந்த எடம், அவனச் சுத்தியிருக்கிற சனம், பழக்கவழக்கம் எல்லாத்துக்கும் அதுவே பேரா ஆயிருச்சாம். என்னோட மில்யூ நல்லதுன்னு சாமி எழுதியிருக்காரு."

"சுத்தியிருக்கிற சனமா? யாரு யாரு? பேரு சொல்லு!"

குஞ்சம்மா வாளியை நங்கென்று கீழே வைத்தாள். "நாங்கதான்யா! இவ பொறந்தப்ப தலையத் தாங்குன கை இது. பாத்துக்க."

"எம் மவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவ," என்றாள் ராமாத்தாள்.

"நல்ல பிள்ளைதான். ஆனா எஞ் சேவலக் கல்லால அடிச்சா. அதையும் எழுதிக்கிங்க," என்றார் பின்னாலிருந்து அப்புசாமி.

"மாமா, அத இப்பவா சொல்லணும்?"

"போலீஸ்காரரு கேக்குறாரு, உண்மையச் சொல்ல வேணாமா?"

வரிசை கலைந்தது. ஆளுக்கொரு சாட்சி சொல்லிக்கொண்டு எல்லாரும் ஜெயமேரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "வரிச! வரிச!" என்ற முனியாண்டியின் குரல் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உன் மில்யூவ ஸ்டேஷனுக்கு ஏத்த மூணு லோரி வேணும் தாயி. இந்தா, பிடி."

கடிதம் கைக்கு வரும்போதே ரோட்டில் பஸ் திரும்பியது. நிற்கிற வேகத்தில் வரவில்லை.

"ஐயோ, போச்சு!"

முனியாண்டி துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் வாளிகளோடு மொத்த வரிசையும் ஓடியது. பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தம்புசாமி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையக் கீழ போடுங்கண்ணே," என்றார் முனியாண்டி மூச்சிரைக்க. "டீச்சர் ஏறுறாங்க."