இரண்டு இடக்கைகள்

அந்த ஆயத்த ஆடை ஆலையில் பெண்கள் தைப்பார்கள், ஆண்கள் வெட்டுவார்கள். யார் விதித்த விதி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாற்றினால் என்ன என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வரும். வரிசை வரிசையாகப் பெண்கள் மெஷின்களின் முன் குனிந்திருக்க, வெட்டு மேசையின் முன் நிமிர்ந்து நிற்கும் உரிமை கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கே உரியதாயிருந்தது.

அந்த மாஸ்டர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், தையல் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து மேனேஜர் முன் போய் நின்றாள்.

"எனக்கொரு வாய்ப்பு குடுங்க சார். பேட்டர்ன் வரைவேன். வெட்டுற மெஷினும் ஓட்டுவேன்."

மேனேஜர் சிரித்தார். "மாஸ்டர் போக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அப்போ ஒரு அடுக்குத் துணி தர்றேன். நீயே வரை, நீயே வெட்டு. சரியா வந்தா மேசை உனக்கு. கெடுத்தேன்னா, அப்புறம் இந்த மேசைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அந்தத் துணிவை அவளுக்குத் தந்தது ஒரு மாத்திரை. புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'பாதி'. பாதி பெருக்கிய அறை, பாதி குடித்த டீ, பாதியில் நின்றுபோன பேச்சு. திமிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள். அது கவனக் குறைபாடு, ஏடிஎச்டி என்று டாக்டரம்மா சொன்ன நாளில்தான், தான் குற்றவாளி அல்ல என்பது அவளுக்கே தெரிந்தது. மாத்திரை உள்ளே போனபின், கண்ணை வைத்த இடத்தில் கண் நின்றது. சாப்பாட்டு இடைவேளைகளில் மாஸ்டரின் கையைப் பார்த்தே வெட்டக் கற்றாள்.

மேனேஜர் வாக்குக் கொடுத்த அதே வாரம் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. கடை கடையாக ஏறி இறங்கினாள். முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பு அலமாரி நிறைய இருந்தது. பெண்ணின் புத்தியை நிலைநிறுத்தும் மருந்துதான் இல்லை.

"மாத்து மருந்து ஒண்ணு எழுதறேன்" என்றார் டாக்டரம்மா. "இது போட்ட அன்னைக்கே தெரியாது. வாரக்கணக்குல ஆகும். அதனால கிடைச்ச உடனே ஆரம்பிச்சிடு."

அதுவும் கடையில் இல்லை. "வந்ததும் கூப்பிடறோம், நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள் மருந்துக் கடைப் பெண். அவள் தன் கணவனின் நம்பரைச் சொன்னாள். அவளுடைய போன் ஒருநாள் அரிசி டப்பாவில் கிடக்கும், ஒருநாள் அழுக்குத் துணியோடு ஊறும். தன் மறதிக்கு அவள் தேடிக்கொண்ட காவல் அது.

காத்திருந்த நாளெல்லாம் வீடே வைத்தியசாலையாயிற்று. "பச்சைத் தண்ணியில குளி, மூளை தெளியும்" என்றாள் அத்தை. கணவன் கடுங்காபி குடிக்கச் சொன்னான். குளித்தாள், குடித்தாள், விடியலில் நடந்தாள், வேலைக்கொரு அலாரம் வைத்தாள். அலாரம் உதவியது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அலாரம் நேரத்தைச் சொல்லும். கையிலிருப்பது இடதா வலதா என்று சொல்லாது.

"கடையிலேருந்து போன் வந்துச்சாங்க?"

"வந்தா சொல்ல மாட்டேனா?" என்று சிரித்தான். "ஆனா ஒண்ணு, இப்பத்தான் நீ பழைய பாதி மாதிரி இருக்கே. மாத்திரை போட்டா ஆடிட்டர் மாதிரி முறைக்கிறே. இல்லாமலே பழகிக்கோ."

சோதனை நாள் வந்தது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே தாளைப் பரப்பி வரையத் தொடங்கினாள். சட்டைக் கைக்கான பேட்டர்ன் அட்டையைச் சுற்றி ஒருமுறை வரைந்தால் இடக்கை. அதைத் திருப்பிப்போட்டு வரைந்தால் வலக்கை. திருப்பப் போன நொடியில் தையல் பிரிவில் ஏதோ ஒரு மெஷினின் பெல்ட் அறுந்தது. மனம் அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது அட்டை தாளின் மேல் கிடந்தது. வரைந்தாள். வெட்டினாள். பிசிறில்லாத வெட்டு.

மேனேஜர் இரண்டு துண்டுகளை எடுத்துத் தன் தோள்களில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தச் சட்டையைப் போடறவனுக்கு ரெண்டும் இடது கையா?"

ஆண்கள் சிரித்ததை அவள் தாங்கிக்கொண்டாள். தையல் வரிசையிலிருந்து பெண்களும் சிரித்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மேசை மறுநாளே மேனேஜரின் மைத்துனனுக்குப் போயிற்று. அவனுக்கு எந்தச் சோதனையும் வைக்கப்படவில்லை.

அன்று மாலை மருந்துக் கடைக்குப் போனாள்.

"அது வந்து ரொம்ப நாளாச்சேக்கா" என்றாள் கடைப் பெண். "அந்த வாரமே போன் பண்ணோம். சார்தான், அவ நல்லாத்தான் இருக்கா, வேண்டாம்னு சொன்னாரு. இன்னொருத்தருக்குக் குடுத்துட்டோம். இப்ப மறுபடியும் ஸ்டாக் இல்லையே."

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நல்லதுக்குத்தான் சொன்னேன். மாத்திரை வந்ததுலேருந்து நான் பேசினா நீ சிரிக்கிறதே இல்ல. நொட்டை நொள்ளை கண்டுபிடிக்கிறே. இதுல மேசையும் கிடைச்சா, இந்த வீட்டை யாரு பார்ப்பா?"

"வந்தா சொல்ல மாட்டேனான்னீங்களே."

"சொல்லல, அவ்வளவுதான். பொய்யா சொன்னேன்?"

தான் வெட்டியவற்றில் கழிவென்று ஆலை தள்ளிய துண்டுகளைப் பையில் கொண்டுவந்திருந்தாள். விடுமுறை நாளில் உட்கார்ந்து தைத்தாள். காலர், பை, பொத்தான், எதையும் பாதியில் விடவில்லை. கோபமும் ஒரு மாற்று மருந்துதான் போலும். ஆனால் தினமும் அதை விழுங்கி உயிர் வாழ முடியுமா?

மறுநாள் காலையில் சட்டையைக் கணவனிடம் நீட்டினாள்.

"அட, புதுசா?" என்று மாட்டிக்கொண்டவன் கண்ணாடி முன் நெளிந்தான். "என்னடி இது, வலது தோள் இழுக்குது? கையைத் தூக்கவே முடியல."

"பழகிக்குங்க" என்றாள்.

தையல் மெஷினுக்குப் போகும் வழியில் மருந்துக் கடை திறந்திருந்தது. உள்ளே போய்க் கணவனின் நம்பரை நீக்கச் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தாள்.

"எப்போ வரும்?"

"தெரியலைக்கா."

போனை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.