தாழியின் கழுத்து

ஆரி எம்பிராய்டரி வேலையில் இசைவாணி கெட்டிக்காரி. சிதம்பரத்தில் மங்கலம் அக்காவின் பிளவுஸ் கடையில் ஆறு வருஷமாக மயிலும் தாமரையும் யானையும் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. போனில் எவளோ போட்டதைப் பார்த்து இவளும் போட வேண்டும், அதற்குப் பெயர் டிசைன். சொந்தமாக ஒன்று போடுகிறேன் என்று கெஞ்சியதில் அக்கா ஒருவழியாக இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு கல்யாண பிளவுஸ் குடுக்கறேன். அவுங்களுக்குப் புடிச்சா இனிமே உன் இஷ்டம். புடிக்கலன்னா அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது."

அதற்காகத்தான் கடலூருக்குப் பஸ் ஏறி மியூசியம் போனாள். சிலைகளின் இடுப்புப் பட்டைகளை ஊரே காப்பியடித்தாகிவிட்டது. மூலையில் ஒரு பெரிய மண் தாழி இருந்தது. அதன் கழுத்தைச் சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல ஒரு வரி, ஈரமண்ணில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் செய்தது. ஓரிடத்தில் விரல் வழுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. வழுக்கலோடு சேர்த்தே நோட்டில் வரைந்தாள். கீழே அட்டையில் எழுதியிருந்ததையும் படிக்கத்தான் செய்தாள். அது அவளுக்கு உறைக்கவில்லை.

பதினோரு நாள் வேலை. அரக்குப் பட்டில் தங்க நூல், பின்கழுத்து முழுக்க அந்த முறுக்கு. பிளவுஸாகத் தைப்பதற்கு முன் பார்க்கப் பண்ருட்டியிலிருந்து கல்யாணப் பெண்ணின் அம்மா சந்திரலேகா வந்தாள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எந்த கேட்லாக்குமா இது? எங்க அண்ணிக்கும் ஒண்ணு வேணும்."

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கேட்லாக் என்றது இசைவாணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"கேட்லாக்லாம் இல்லம்மா. மியூசியத்துல பழைய தாழி ஒண்ணப் பாத்து நானே போட்டது."

"தாழின்னா? நெல்லு கொட்டி வைப்பாங்களே, அதுவா?"

பொய் வரவில்லை. "செத்தவுங்கள வச்சுப் பொதைக்கறது."

சந்திரலேகா துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "தாலி ஏறப் போற கழுத்துக்குப் பொணப் பானையாம்மா?"

புடவையோடு வந்த துணி, வேறு கிடையாது. போட்ட வேலையைப் பிரித்துவிட்டுக் கற்பூரம் காட்டித் தரச் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா கத்தரியை எடுத்து இசைவாணியின் முன்னால் வைத்தாள்.

ஆரித் தையல் சங்கிலித் தையல். முடிச்சை வெட்டி முனையை இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். பதினோரு நாள் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் மடியில் விழுந்தது. துணியில் ஊசித் துளைகள் மட்டும் அப்படியே நின்றன, அந்த வழுக்கலும்தான்.

"ஓட்டை மறையற மாதிரி பெருசா மயில் போடு" என்று அக்கா போனை நீட்டினாள்.

இசைவாணி வாயைத் திறக்கவில்லை. தோகையிலிருந்து ஆரம்பித்தாள்.