ஒற்றைப்படைப் பக்கங்கள்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், சொர்ணம் ஜெராக்ஸ் கடையில், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நேற்றுக் கொடுத்த ஸ்பைரல் பைண்டிங் ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்கலாம். பக்கங்கள் ஏன் இப்படிக் கோணலாக விழுகின்றன என்று கேட்கலாம். சொர்ணத்தின் வயதைக்கூடக் கேட்கலாம். பதில் ஆண்டுக்காண்டு குறைந்துவரும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது: "இதைப் படிச்சீங்களா?"

அப்படியொரு விதி சுவரில் ஒட்டப்பட்டிருக்கவில்லை. செருப்பை வாசலில் விடுவதைப் போல எல்லோரும் அதைத் தாமாகவே கடைப்பிடித்தார்கள். தொலைதூரக் கல்வி மையத்தில் படிக்கும் மாணவர் பாடப் பகுதிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். எழுதிக் கொடுப்பவர் அவரிடம் அதைக் கேட்பதில்லை. எழுதி முடித்த கட்டுரையை வாங்கிப் போகும்போது மாணவரும் அவரிடம் கேட்பதில்லை. கட்டுரை பேராசிரியரின் மேசைக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்த பிறகு பேராசிரியரிடம் கேட்பது என்பது யாருடைய கற்பனையிலும் தோன்றாத காரியம். ஒருவரையொருவர் சங்கடப்படுத்தாமல் ஒரு பட்டப்படிப்பை நடத்தி முடிக்க இதைவிடப் பண்பான ஏற்பாடு இருக்க முடியாது.

ரெனிதா இந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்தாள். சேக்காட்டில் பெற்றோருடன் வசிப்பவள். நவீன இலக்கிய விமர்சனத்தில் எம்.ஃபில். முடித்துவிட்டு முனைவர் பட்டப் பதிவுக்காகக் காத்திருப்பவள். காத்திருக்கும் காலத்தில் மற்றவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். கடையின் மொழியில் அதற்கு 'டைப்பிங்' என்று பெயர். எழுதியவர் பிரதிக்கு வெளியே நின்றுவிட வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். அதை அவளைப் போல் சத்தமில்லாமல் நடைமுறைப்படுத்தியவர்கள் குறைவு. அவளிடம் இருந்த ஒரே குறை, கொடுத்த பாடப் பகுதிகளை அவள் உண்மையிலேயே படித்துவிடுவாள் என்பதுதான். சொர்ணம் அதை ஒரு லேசான உடல்நலக் குறைவாகப் பார்த்தாள்.

"அதையும் பட்ச்சிகினு இருந்தீன்னா எப்பம்மா டைப்பிங் ஆவும்?" என்பாள். "கண்ணுக்கு ஒரு டாக்டர பாரு."

அப்படி அவள் படித்தவற்றுள் திறனாய்வுத் தாளுக்கான ஒரு கட்டுரையும் இருந்தது. பழைய விமர்சகர் ஒருவர் சிறுகதையைப் பற்றி எழுதியது. மையத்தின் மூலப்படி சொர்ணத்தின் இயந்திரத்துக்கு வந்து, அங்கிருந்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பிரதிகளாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் வாசிப்பிலேயே ரெனிதா அசந்துபோனாள். அந்த விமர்சகர் ஒரு வாக்கியத்தைப் பக்கத்தின் கடைசியில் அந்தரத்தில் விட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் முற்றிலும் வேறொரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கினார். ஒரு பக்கம் "விமர்சகன் என்பவன் முதலில்" என்று முடிந்தது. அடுத்தது "சட்னியைப் போல அரைத்துவிடுகிறோம்" என்று ஆரம்பித்தது. இத்தனை துணிச்சலான உரைநடையை அவள் அதுவரை கண்டதில்லை. சிந்தனையின் தொடர்ச்சியை வேண்டுமென்றே முறிக்கும் இந்த உத்திக்குத் 'துள்ளல் நடை' என்று பெயரிட்டு, மாணவர் ஒருவரின் கட்டுரையில் சட்னியைப் பற்றி மட்டும் மூன்று பத்திகள் எழுதினாள்.

மையத்தின் தமிழ்ப் பேராசிரியர் சம்பந்தம் அந்தக் கட்டுரைக்கு "நுண்ணிய அவதானம்" என்று குறிப்பெழுதி அதிக மதிப்பெண் போட்டார். பிறகு துள்ளல் நடையைப் பற்றித் தாமே ஒரு கருத்தரங்கில் பேசினார். அந்தப் பேச்சை ரெனிதா அடுத்த மாணவரின் கட்டுரையில் மேற்கோள் காட்டினாள். அவர் அதற்கு இன்னும் கூடுதலாக மதிப்பெண் போட்டார். இருவரும் ஒருமுறைகூட நேரில் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் தமிழ் விமர்சன உலகில் அவர்களைப் போல் ஒத்த கருத்துடையவர்கள் அப்போது யாரும் இல்லை.

இதற்கிடையில்தான் ஞானகுமாரி டீச்சர் வந்தார்.

நசரத்பேட்டையில் ஒரு சிறிய பள்ளியில் ஆறிலிருந்து எட்டு வரை தமிழ் நடத்துபவர். எம்.ஏ. முடித்துவிட்டால் ஜூனில் பிளஸ் டூ வகுப்பு அவருக்கு; முடிக்காவிட்டால் புதிதாக வரவிருக்கும் ஒருவருக்கு. எல்லாத் தாளும் தேறி இந்தத் திறனாய்வுக் கட்டுரை மட்டும் பாக்கி. பள்ளி, ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் பாடகர் குழு, வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் மகன் என்று அவர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததால், எல்லோரும் செய்வதைத் தாமும் செய்தார்.

"மெட்டீரியல் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்மா," என்றார் ரெனிதாவிடம். "மையத்துல குடுத்த ஜெராக்ஸ் ஒரே மங்கல். அதான் அம்பத்தூர் லைப்ரரிக்குப் போயி, அந்தப் புத்தகத்தையே தேடி எடுத்து, போன்ல போட்டோ பிடிச்சேன். அங்கங்க என் கட்டைவிரல் விழுந்திருக்கும். மன்னிச்சுக்கோ."

"பரவால்ல டீச்சர். விரல் இல்லாத எடத்த வெச்சு சமாளிச்சுக்கறேன்."

கல்லாவிலிருந்து சொர்ணம் எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், அம்பத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்தீங்களா? நம்ம மிஷின்லயே அது ரெடியா கீதே. கண்ண மூடிகினு போடுவேன்."

"அது தெரியுது சொர்ணம்," என்றார் டீச்சர். "கண்ண மூடிட்டுத்தான் போட்ட மாதிரி இருந்துச்சு."

அன்று மாலை ரெனிதா சேக்காட்டு வீட்டில் உட்கார்ந்து படங்களைத் திறந்தாள். முதல் பக்கம் பழகிய பக்கம். இரண்டாவது பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. மூன்றாவது பழகியது. நான்காவது புதியது. அவள் மெதுவாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். டீச்சரின் கட்டைவிரலுக்குச் சற்று மேலே, எவ்விதத் துள்ளலும் இல்லாமல், வாக்கியம் அமைதியாகத் தொடர்ந்தது: விமர்சகன் என்பவன் முதலில் ஒரு வாசகன், கதையைக் கதையாகப் படிக்கும் பொறுமை அவனுக்கு வேண்டும். பக்கம் முழுவதும் அந்தப் பொறுமையைப் பற்றித்தான்; கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாண்டியது: அந்தப் பொறுமை இல்லாதபோதுதான் கருத்தை மட்டும் வழித்தெடுத்துச் சட்னியைப் போல அரைத்துவிடுகிறோம்.

மூலப்படி இரண்டு பக்கமும் அச்சான தாள்களில் இருந்தது. சொர்ணத்தின் இயந்திரம் ஒரு பக்கத்தை மட்டுமே விழுங்கியிருந்தது. தாளின் அடிப்பகுதியை அது எப்போதும் வெட்டிவிடுமாதலால் பக்க எண்களும் போயிருந்தன. இத்தனை காலமும் மாணவர்கள், ரெனிதா, பேராசிரியர் என எல்லோரும் ஒற்றைப்படைப் பக்கங்களின் மீது ஒரு கோட்பாட்டைக் கட்டியிருந்தார்கள். இதில் கூடுதல் வேதனை என்னவென்றால், அந்தப் பழைய மனிதர் கட்டுரை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்தியிருந்தார்: எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்.

ரெனிதா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூன்று பத்திச் சட்னி அவள் கண்முன் நின்றது. பிறகு உட்கார்ந்து டீச்சருக்காக ஒரு கட்டுரையை எழுதினாள். துள்ளல் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த விமர்சகர் என்ன சொன்னாரோ அதைச் சொல்லி, எங்கே அவரோடு உடன்பட முடியவில்லை என்பதையும் சொன்ன எளிமையான கட்டுரை. அவள் எழுதியவற்றுள் அதுவே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதும் கூடவே தோன்றியது.

அடுத்த வாரம் கட்டுரை திரும்பி வந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில்: "மூலத்தைப் படிக்காமல் எழுதப்பட்டது. துள்ளல் நடை பற்றிய புரிதல் அறவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தரவும். தவறினால் அடுத்த ஆண்டு."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் கடைக்கு வந்தார். தோளில் பையும் கையில் திருத்த வேண்டிய நோட்டுகளும் அப்படியே இருந்தன.

"பழைய மாடல்லயே ஒண்ணு குடுத்துரும்மா," என்றார். "அடுத்த வருஷம்னா அந்தக் கிளாஸ் போயிடும்."

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றாள் சொர்ணம். "ஓடுற வண்டில போய் எதுக்குமா பார்ட்ஸ மாத்துறே? பழசு ஒண்ண எடுத்து பேர மாத்தி பிரிண்ட் போட்டாச்சு. சூடா கீது, பாரு."

பழைய பாணிக் கட்டுரை ரெனிதாவின் கையில் இருந்தது, உண்மையிலேயே சூடாக. கொடுத்துவிட்டால் முடிந்தது. டீச்சருக்கு ஜூனில் பிளஸ் டூ வகுப்பு. சம்பந்தம் சாருக்கு இன்னுமொரு ஆதாரம். அவளுக்கு யார் முன்னாலும் தலைகுனியத் தேவையில்லாத வாழ்க்கை. அவள் கையை நீட்டினாள்.

டீச்சர் வாங்கி ஒரு புரட்டு புரட்டிவிட்டு, தயங்கினார். "ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா? அந்தச் சட்னி எடம் இதுல என்னமோ மாதிரி இருக்கு. நீ மொதல்ல எழுதுனதுல அழகா வந்திருந்துச்சு. புத்தகத்துல அதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கல. நாமளும் கிளாஸ்ல அதத்தானே பண்றோம், கதையக் கருத்தா அரைச்சு ஊத்துறோம்னு. பிளஸ் டூ பசங்ககிட்ட மொத நாளே இதச் சொல்லணும்னு..."

சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார். பொது இடத்தில் சொல்லக் கூடாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டவரைப் போலக் கடையைச் சுற்றிப் பார்த்தார். சொர்ணம் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரெனிதா டீச்சரையே பார்த்தாள். டீச்சர் புத்தகத்தைப் படித்திருக்கிறார். அது போதாதென்று அவளுடைய கட்டுரையையும் படித்திருக்கிறார். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் வாசகர், எதிரில் நோட்டுக் கட்டோடு வெட்கப்பட்டு நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் சம்பந்தம். தம்முடைய துள்ளல் நடைக் கட்டுரையைச் சிறு நூலாக்கி ஐம்பது படி எடுக்க வந்திருந்தார்.

"வாங்க சார், வாங்க," என்று சொர்ணம் ஸ்டூலைத் துடைத்தாள். "இத்தினி நாளா எங்க இருந்தீங்க?"

"பிரதிக்குள்ளதான் இருந்தேன்மா," என்றார் சம்பந்தம், தம் நகைச்சுவையில் தாமே மகிழ்ந்து. பிறகு டீச்சரைப் பார்த்தார். "அடடே, ஞானகுமாரி அம்மாவா. கோவிச்சுக்காதீங்க. மூலத்தை நல்லா உள்வாங்கிட்டு எழுதணும். அந்த விமர்சகரோட பலமே தாவித் தாவிப் போறதுதான். நீங்க என்னடான்னா அவரைச் சாதுவா நடக்க வெச்சிட்டீங்க."

"சரிங்க சார்," என்றார் டீச்சர், எட்டாம் வகுப்பு மாணவியைப் போல. "திருத்தி எடுத்துட்டு வந்திருக்கேன் சார்."

பழைய பாணிக் கட்டுரையை அவர் நீட்டினார். சம்பந்தம் கைநீட்டுவதற்குள், குறுக்கே இன்னொரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. ரெனிதாவின் கை.

"இன்னாடி பண்றே," என்றாள் சொர்ணம், உதடு அசையாமல்.

ரெனிதா போனிலிருந்த படங்களை வரிசையாக இயந்திரத்துக்கு அனுப்பினாள். அவை ஒவ்வொன்றாக, ஓரத்தில் கட்டைவிரலோடு, வெளியே வந்து விழுந்தன. அவற்றை அள்ளி எடுத்து மையத்தின் ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். அவள் காது சூடாகிவிட்டிருந்தது. துள்ளல் நடைக்குப் பெயர் வைத்தவள் அவள்தான் என்பது இன்னும் சற்று நேரத்தில் வெளியே வரப்போகிறது. சொர்ணம் இனி டைப்பிங் தரமாட்டாள் என்பதும் ஏறக்குறைய உறுதி.

"சார், அந்தத் துள்ளல் நான் எழுதுனது. பக்கங்கள்ல பாதிதான் என்கிட்ட இருந்துச்சு. மீதிப் பாதி இது. டீச்சர் முழுசாப் படிச்சிட்டாங்க."

டீச்சர் நோட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். சொர்ணம் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. சம்பந்தம் மேல்தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டீச்சரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை முழுவதும் கேட்கும்படி, ஆனால் மரியாதை குறையாமல், ரெனிதா கேட்டாள்:

"நீங்க படிச்சீங்களா சார்?"