பெட்டியின் எடை

1

இந்தக் கதை என் கால் கட்டைவிரலில் தொடங்கியது. வாசலில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காலி என்று நினைத்து எத்தினேன். உள்ளே எதிர்வீட்டுக்காரர் உடற்பயிற்சிக்கு வாங்கிய இரும்புக் குண்டுகள். உயிர் போய் உயிர் வந்தது. நொண்டிக்கொண்டே வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

அதே கால், அதே வேகம். லேசான பொருள் உதையை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். கனமானது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, கொடுத்ததை நம் விரலுக்கே... (வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. ஆள் வேண்டும்.)

3

ஆள் கிடைத்தான். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். அங்கே யாரும் குனிந்து தூக்கிப் பார்ப்பதில்லை. பூட்ஸ் நுனியால் ஒரு தட்டு. சறுக்கினால் காலி, அசைந்தால் பாதி, அசையாவிட்டால் நிறை. இவன் கால் தப்பாகச் சொன்னதே இல்லை என்பதால் கூட இருப்பவர்கள் வைத்த பெயர், தராசு.*

(* முதலில் பந்தாட்டக்காரனாகத்தான் வைத்திருந்தேன். பந்தின் எடை எல்லோருக்கும் தெரியும். அதில் என்ன பயம் இருக்கிறது?)

4

காலையில் தராசுக்கும் அவன் மனைவிக்கும் வாய்த்தகராறு. ஆத்திரத்தில், "போறதுன்னா போயேன், யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றுவிட்டான். பகல் முழுக்க அந்த வார்த்தை அவனையே உறுத்தியது. சாயங்காலம் கதவைத் திறந்தால், கூடத்தின் நடுவில் அவளுடைய துணிப்பெட்டி. அடுப்படியில் பாத்திரச் சத்தம்.

பெட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டான். காலி என்றால், தூசி தட்ட இறக்கி வைத்திருக்கிறாள். நிறை என்றால்...

எனக்கும் கை ஓடவில்லை. உள்ளே எதை வைப்பது? கிடங்கில் என்றால் தட்டுவதோடு சரி. இன்றைக்கோ உதைக்கக் கால் தானாகப் பின்னால் போகிறது. காலி என்று எழுதினால் பெட்டி சுவரில் போய் மோதும், இவன் மல்லாந்து விழுவான், சிரித்து முடித்துவிடலாம். நிறை என்று எழுதினால் விரல் போகும், அவளும் போவாள். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். இரண்டிலும் அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

5

ஆகவே இப்படி. அவன் காலை ஓங்குகிறான்.

"என்னங்க."

அடுப்படி வாசலில் அவள். கையெல்லாம் ஈரம்.

"அதையும் உதைச்சுத்தான் பாக்கணுமா? நான் இங்கதானே நிக்கிறேன். வாயத் தொறந்து கேட்டா சொல்ல மாட்டேனா?"

ஓங்கிய கால் அந்தரத்தில் நிற்கிறது. கீழே வைக்க வெட்கமாக இருக்கிறது அவனுக்கு. மெல்ல வைக்கிறான். இனி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவனுக்குப் பழக்கமே இல்லாத வேலை.

"நீ..." என்று ஆரம்பிக்கிறான்.

இந்த இடத்தில் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அடுத்த வார்த்தையை நீங்கள்தான் அவன் வாயில் வைக்க வேண்டும். கொஞ்சம் பார்த்து வையுங்கள். பெட்டிக்குள் நான் இதுவரை எதையும் வைக்கவில்லை. அவன் வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவள் அடுக்கத் தொடங்குவாள், அல்லது பெட்டியைத் தூக்கிப் பரணில் போடுவாள்.