பிணவறைக் காட்சியில் எங்கள் வீட்டுக் கால்

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டின் மூத்தவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், அவளைப் பெண் பார்த்துவிட்டு இன்னும் முடிவு சொல்லாத தம்பதி, அதாவது முக்கால்வாசி சம்பந்திகள். வேறு ஒருவரும் இல்லை. இப்போது பாதித் தெரு தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது. இந்தக் கதை பிறந்ததே அந்த வாய்களை மூடத்தான்.

(கதையில் 'நான்' வராது. 'நான்' என்று எழுதினால் வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. எழுதுபவருக்கு மூத்தவரை நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது."

பெய்யவில்லை. தொலைக்காட்சிக்குள்தான் பெய்தது. அந்தப் போலீஸ் தொடரில் மழையில்லாமல் ஒரு கொலைகூட நடந்ததில்லை. இன்ஸ்பெக்டர் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கோட்டு நனையாது. எத்தனையோ கொலைகாரர்களைப் பிடித்தார், ஒரு வரி ரிப்போர்ட் எழுதியதில்லை. ஊரே அவர் பின்னால் பைத்தியமாக அலைந்தது. அன்று இறுதிப் பகுதி.

இரண்டாவது தொடக்கம்: "தம்பி ஒரு நடிகன்."

உண்மைதான், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால். கதாநாயகர்கள் பேசும்போது பின்னால் நடந்துபோகிறவர்களில் அவன் ஒருவன். சம்பந்திகளின் ஒரே தயக்கமும் அதுதான்: பெண்ணின் அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பிழைப்பா? இறுதிப் பகுதியில் தனக்கு ஒரு வேஷம் உண்டு என்று தம்பி சொல்லியிருந்தான். என்ன வேஷம் என்று மூத்தவர் கேட்கவில்லை. குடும்பத்துக்குப் பொருத்தமானதை அவரே தேர்ந்தெடுத்துச் சம்பந்திகளிடம் சொல்லிவிட்டார். கமிஷனர்.

(இதைப் பொய் என்கிற வாசகர் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் வாழ்ந்ததில்லை.)

சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது, பார்த்தபின் அவர்கள் முடிவைச் சொல்வது என்று ஏற்பாடு.

3

கமிஷனர் வந்தார். யாரோ ஒரு வழுக்கை.

"இது நீங்க இல்லையே?" என்றார் சம்பந்தி அம்மாள்.

தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். தான் கமிஷனர் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்தப் பாத்திரத்தின் மீது எழுதுபவருக்கு நம்பிக்கையே கிடையாது. எழுதிய முதல் படியில் தம்பி எழுந்து வெளியே போனான். அந்த வரியை அடித்தாயிற்று. அடுத்த படியில், "அண்ணன் சும்மா அளந்துவிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தா

கிழித்தாயிற்று. நடந்தது இதுதான்:

"கொடுத்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றான் தம்பி. "அண்ணன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அதைவிடப் பெரிய வேஷம் கிடைச்சுது."

"கமிஷனரைவிடப் பெரிசா? மந்திரியா?" என்றார் சம்பந்தி.

"பொறுங்க, வருவேன்."

மூத்தவர் கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

4

இன்ஸ்பெக்டர் சுடப்பட்டார். மழையில்தான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது பிணவறை. வெள்ளைப் போர்வை, அதற்கு வெளியே இரண்டு பாதங்கள். (பிணமாகப் படுத்தால் மார்க்கெட் போய்விடும் என்று கதாநாயகர் மறுத்துவிட்டாராம்.)

"அது இவரு காலு!" என்றாள் தம்பி மனைவி. "அந்தப் பித்தவெடிப்பு எனக்குத் தெரியாதா? களிம்பு வாங்கித் தர்றது யாரு?"

சம்பந்தி அம்மாள் ஏற்கெனவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்களா செத்தது?"

"ஆமாங்க."

"ஐயோ, எவ்வளவு நல்லா செத்திருக்கீங்க!"

"அப்பா, நீ மூச்சே விடலையேப்பா" என்றாள் மகள். அப்பாவின் வேலையைப் பற்றி அவள் வெளியார் முன்னால் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

நடந்து நடந்தே காலம் தள்ளியவன், ஒரு நாள் படுத்து ஊரை அழவைத்துவிட்டான். அந்தக் குடும்பத்துக்கே உரிய விறைப்போடு படுத்திருந்தான். மூத்தவரின் முதுகும் நிமிர்ந்தது. காமிரா பாதங்களை நெருங்கியது. அப்போது வலது கட்டைவிரல் லேசாக அசை

(மேலே உள்ள வாக்கியம் கைவிடப்படுகிறது.)

5

முடிவு வேண்டுமா? சம்பந்தம் கைகூடியது என்று வைத்துக்கொள்ளலாம். "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பெண் இருந்தால் எதை எடுப்பீர்களோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிணத்தின் விரல் அசைந்தது, ஆகையால் இன்ஸ்பெக்டர் சாகவில்லை என்று பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். செத்தவனாகக்கூட ஒழுங்காகப் படுக்கத் தெரியாத குடும்பம் என்று ஒரு நாக்கு அதற்கு வால் வேறு ஒட்டியிருக்கிறது. மூத்தவர் அந்தக் காட்சியை ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். அன்று தம்பி தன்னைப் பார்த்த பார்வையும் அவருக்கு நினைவிருக்கிறது.

விரல் அசையவில்லை.